ஊருக்காகக் கூட்டத்துக்குப் போன பூலோகம்

தாராவியில் அந்தக் காலத்தில் எந்த ஆபீசுக்கும் ஊருக்கு ஒருவர்தான் போவார். ரேஷன் ஆபீசுக்கு ஒருவர், முனிசிபாலிட்டிக்கு ஒருவர், ஆஸ்பத்திரியில் யாராவது படுத்துவிட்டால் டாக்டரிடம் பேச ஒருவர். யாருக்கு நேரம் இருக்கிறதோ, யாருக்கு நாலு வார்த்தை ஹிந்தி வருமோ, அவரை ஊர்க்கூட்டம் அனுப்பிவைக்கும். மற்றவர்கள் தோல் ஷாப்பிலும் மில்லிலும் மாதுங்கா வீடுகளிலும் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பள்ளிக்கூடத்துக்கும் அதே வழக்கம்தான். அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே மேலக்கரை என்ற ஊரிலிருந்து வந்து ஒரே சந்தில் குடியிருந்தவர்கள், தங்கள் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் போய்வரும் வேலையைப் பூலோகத்திடம் ஒப்படைத்திருந்தார்கள்.

பூலோகத்துக்கு லோயர் பரேலில் ஒரு மில்லில் மூன்றாம் ஷிப்டு. காலையில் வேலை முடிந்து வந்தால் பகல் முழுவதும் அவருடையது. தூங்க வேண்டிய பகல்தான். ஆனால் தனியாள் எப்போது தூங்கினால் என்ன, எப்போது எழுந்தால் என்ன என்று ஊர் நினைத்தது. அவரும் அப்படித்தான் நினைத்தார்.

அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மறுவருஷமே ஊரில் பிரசவத்தில் மனைவி போய்விட்டாள், பிள்ளையும் தங்கவில்லை. தந்தி கிடைத்து, ரயில் பிடித்து, அவர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். தரை இன்னும் காயாமல் இருந்தது. அதன் பிறகு இரண்டொரு இடத்தில் பெண் பார்த்தார்கள். அவர் பிடிகொடுக்கவில்லை. அப்புறம் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை மாலை நாலு மணிக்குப் பள்ளியில் பெற்றோர் கூட்டம். அன்று மட்டும் பூலோகம் தூக்கத்தைப் பாதியில் முறித்து எழுந்துவிடுவார். குளித்து, முகச்சவரம் செய்து, சலவை வைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையை அழுத்தி வாரிக்கொண்டு கிளம்புவார். சந்தில் பார்க்கிற பெண்கள், "அண்ணாச்சி மாப்பிள்ளை மாதிரி கெளம்பிட்டாக, இன்னிக்குப் பள்ளிக்கூடம்" என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடிக்கும்.

பள்ளி முனிசிபாலிட்டியின் தமிழ்ப் பள்ளி. கூட்டத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் அவரைப் போல ஊருக்கு ஒருவராக வந்தவர்களே. மேலப்பாளையத்துக்காரர்களுக்காக உதுமான் வருவார். பெல்ட் தைக்கிற சின்னப் பட்டறை வைத்திருந்தவர். இருவரும் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள்.

"பூலோகம் அண்ணே, ஒங்களுக்கு இந்த வருசம் எத்தனை பிள்ளை?"

"பதினேழு."

"எனக்குப் பதினொண்ணுதான். ஒங்க பக்கம் வெளச்சல் ஜாஸ்தி."

இது வருஷா வருஷம் ஜூன் மாதத்தில் நடக்கும் பேச்சு. பூலோகம் வருஷா வருஷம் சிரிப்பார். உதுமானுடைய பதினொன்றில் இரண்டு அவருடைய சொந்தப் பிள்ளைகள். டீச்சர் அந்த இரண்டு பெயரையும் சொல்லும்போது உதுமானின் முகம் வேறு மாதிரி ஆகும். பூலோகம் அதைக் கவனித்திருக்கிறார். தன் முகம் பதினேழு பெயருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

ஆனாலும் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற இரண்டு மணி நேரம் அவருக்கு வேறெங்கும் கிடைக்காதது. மில்லில் அவர் ஒரு நம்பர். சந்தில் அவர் கடைசிக் கோலியில், அந்த ஒற்றை அறை வீட்டில், பகலில் தூங்குகிற ஆள். இங்கே டீச்சர்கள் அவரைப் பார்த்து, "உங்க பையன் கணக்குல தேறிட்டான்" என்பார்கள். "உங்க பொண்ணு நல்லாப் பாடுறா" என்பார்கள். அவர்கள் சொல்வது ஒரு பேச்சு வழக்குக்காகத்தான். அவர் அதைத் திருத்தியதில்லை.

கூட்டம் முடிந்து வந்ததும் வாசல் வாசலாகச் சேதி சொல்வார். அதிலும் அவருக்கு ஒரு முறை இருந்தது. நல்லதை மட்டும்தான் சொல்வார். ஆரம்பத்தில் அப்படி இல்லை. 1960ஆம் வருஷம், பூதத்தான் என்ற பையன் பள்ளிக்கு வராமல் ரயில் பாதை ஓரம் சுற்றுகிறான் என்று டீச்சர் சொன்னதை அப்படியே அவன் அப்பாவிடம் வந்து சொல்லிவிட்டார். அந்த அப்பா தோல் ஷாப்பிலிருந்து அசந்து வந்த நேரம். பையனை இடுப்புவாரால் அடித்ததில் கை முறிந்துவிட்டது. கட்டுப் போட்ட கையோடு அந்தப் பையன் சந்தில் நின்று பூலோகத்தை ஒரு பார்வை பார்த்தான். அதற்குப் பிறகு கெட்ட சேதி எதுவும் அவர் வாயிலிருந்து எந்த வாசலுக்கும் போகவில்லை. குறைகளை அவரே வாங்கிக்கொள்வார். "நான் சொல்லிப் பாக்குதேன் டீச்சர், நீங்க வெசனப்படாதீங்க" என்பார். மறுநாள் குழாயடியில் அந்தப் பிள்ளையைத் தனியாகப் பிடித்துப் புத்தி சொல்வார். வீட்டில், "நல்லாப் படிக்கான், ஒண்ணும் குறையில்ல" என்பதோடு சரி.

தாய் தகப்பன்மாருக்கு இது வசதியாகத்தான் இருந்தது. நல்லாப் படிக்கிற பிள்ளையைப் பற்றி மேலே என்ன கேட்பது?

கணேசபாண்டியனின் மகள் இசக்கி விஷயத்திலும் அவர் இப்படித்தான் செய்தார்.

இசக்கி நாலாம் வகுப்பு. அப்பா தோல் ஷாப்பில் இருட்டும்வரை வேலை; அம்மா கோமதியம்மாள் மாதுங்காவில் நாலு வீட்டில் காலையும் மாலையும் பாத்திரம் கழுவினாள். பெண் சுறுசுறுப்பானவள், சிரித்த முகம். அவளுக்கு மதியப் பள்ளி. பன்னிரண்டரைக்குத் தொடங்கி ஆறு மணி வரை. அவள் வகுப்பு கட்டடத்தின் கோடியில் இருந்தது. இருந்த ஒரு ஜன்னலுக்கு எதிரே கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் ஒரு கிடங்கின் சுவர். விளக்கு போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள், வரவில்லை.

வகுப்பு டீச்சர் ஷரீஃபுன்னிசா. கண்டிப்பானவர், ஆனால் பிள்ளைகளை அடிக்கமாட்டார். 1963 மழைக்காலத்தில் முதல் தடவையாக அவர் இசக்கியைப் பற்றிச் சொன்னார்.

"மத்தியானம் எல்லாம் நல்லா எழுதுறா. கடைசி பீரியட் மராத்தி. அதுல கல்லு மாதிரி உக்காந்திருக்கா. போர்டைப் பார்த்து எழுதுன்னா ஒரு எழுத்து எழுதல. கேட்டா பதிலும் இல்ல. பிடிவாதம்."

"மராத்தின்னா பயம் போல டீச்சர். நான் சொல்லிப் பாக்குதேன்."

சொல்லிப் பார்த்ததோடு அவர் நிற்கவில்லை. மில்லில் பக்கத்து மிஷினில் நின்ற ஒரு மராத்திக்காரரிடம் எழுத்துகளைக் கற்றுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இசக்கியைத் தன் கோலி வாசலில் உட்காரவைத்து வாசிக்கச் சொன்னார். அவள் அவரைவிட வேகமாக வாசித்தாள். "மாமா, நீங்க தப்பா சொல்லுதீங்க, அது 'ஞ' இல்ல" என்று திருத்தவும் செய்தாள். அவருக்கு நிம்மதியாகிவிட்டது. அடுத்த கூட்டத்தில் டீச்சர் மறுபடியும் அதே குறையைச் சொன்னபோது, "அவளுக்கு வரும் டீச்சர், நான் கேட்டுட்டேன்" என்றார். டீச்சருக்கு அது இன்னும் கோபத்தைத்தான் தந்தது. வந்தும் எழுதாதவளை என்ன செய்வது?

முழுப் பரீட்சையிலும் மராத்திக்கு அந்த அறைதான், அந்தக் கடைசி நேரம்தான். இசக்கி தன் பெயரை மட்டும், அதுவும் கோணல்மாணலாக எழுதிவைத்துவிட்டு வந்தாள். பெயிலானாள். கோமதியம்மாள் அழவில்லை. "நல்லாப் படிக்கான்னுதான சொன்னீக அண்ணாச்சி" என்று கேட்டாள். "அது ஒரு பாடந்தான் தாயீ, அடுத்த வருசம் சரியாப் போவும்" என்று அவர் சமாளித்தார்.

1964 ஜூனில் புதுத் தலைமை ஆசிரியர் வந்தார். வானமாமலை என்று பேர், நாங்குநேரிக்காரர், செம்பூரில் குடியிருந்தார். மழையில் நனைந்த குடையை மடக்கிக்கொண்டே முதல் கூட்டத்துக்குள் நுழைந்தவர், ஒவ்வொருவரையும் எழுந்து நின்று எந்தப் பிள்ளையின் பெற்றோர் என்று சொல்லச் சொன்னார். உதுமான் எழுந்து தன் இரண்டு பிள்ளைகளின் பேரைச் சொல்லிவிட்டு மற்ற ஒன்பதையும் சேர்த்துக்கொண்டார். அடுத்து பூலோகம்.

"நீங்க யாரோட அப்பா?"

"எங்க ஊருக்கு, சார்."

பெஞ்சுகள் எல்லாம் சிரித்தன. தலைமை ஆசிரியரும் சிரித்துவிட்டார். ஆனால் சிரிப்பு அடங்கியதும் அவர் சொன்னது பூலோகத்துக்குச் சிரிப்பாக இல்லை.

"பெரியவரே, நீங்க வர்றதுக்கு நன்றி. ஆனா இது பெற்றோர் சங்கம். பிள்ளை வீட்டுல எப்படி இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியாது, பள்ளிக்கூடத்துல எப்படி இருக்குதுன்னு அவங்களுக்குத் தெரியாது. நடுவுல நீங்க நிக்கறீங்க. அடுத்த மாசம் உங்க ஊர்லருந்து ஒரு தாயையாவது கூட்டிட்டு வாங்க. மெள்ள மெள்ள எல்லாரும் வரட்டும்."

"சரி சார்" என்றார்.

திரும்பி நடக்கும்போது உதுமான், "அண்ணே, இந்த ஆளு நம்ம சோலியப் பறிச்சிருவாரு போலிருக்கே" என்றார். சொல்லிவிட்டு அவரே, "எனக்கு நல்லதுதான். பட்டறையில ஆளில்லாமக் கெடக்கு. என் ரெண்டுக்கு மட்டும் வந்தாப் போதும்ல" என்றார். பூலோகத்துக்கு 'என் ரெண்டு' கிடையாது.

சந்துக்குள் நுழைந்தபோது குழாயடியில் பெண்கள் நின்றிருந்தார்கள். "என்ன சொன்னாக அண்ணாச்சி புது சாரு?" என்று பூதத்தானின் அம்மா கேட்டாள். சொல்ல வேண்டியது நாக்கின் நுனி வரை வந்தது. இவர்களெல்லாம் வந்துவிட்டால் அந்த பெஞ்சில் தனக்கு என்ன வேலை என்ற எண்ணம் குறுக்கே நின்றது.

"ஒண்ணுமில்ல. பிள்ளைகளை ஒழுங்கா அனுப்புங்கன்னாரு. நீங்க ஒங்க சோலியப் பாருங்க, நான் போயிட்டு வந்துருதேன்."

ஜூலையில் யாரையும் கூட்டிக்கொண்டு போகவில்லை. "வேலைக்குப் போறவுக சார்" என்றார். ஆகஸ்டிலும் அதையே சொன்னார். தலைமை ஆசிரியர் அவரை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வேறு பேச்சுக்குப் போனார். மற்ற ஊர்களிலிருந்து ஒவ்வொருவராகத் தாய்மார் வரத் தொடங்கியிருந்தார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நிற்பார்கள். டீச்சர் பெயர் சொன்னால் முன்னே வருவார்கள். பூலோகத்தின் பெஞ்சில் இடம் தாராளமாகிக்கொண்டே போயிற்று. உதுமான் ஒரு கூட்டத்துக்கு வந்தால் ஒரு கூட்டத்துக்குத் தன் மனைவியை அனுப்பினார்.

தீபாவளிக்கு முன்பு நடந்த அரைப் பரீட்சையிலும் இசக்கிக்கு மராத்தியில் பூஜ்யம். இந்தத் தடவை பூலோகம் மூடி மறைப்பதற்குள் பெண்ணே வீட்டில் சொல்லிவிட்டாள். கோமதியம்மாள் அவர் கோலி வாசலுக்கு வந்து நின்றாள். அவர் அப்போதுதான் எழுந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, பொங்கலுக்குப் பெறவு இவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பல. எங்கூட மாதுங்காவுக்குக் கூட்டிட்டுப் போயிருதேன். ஒரு வீட்டுல பிள்ளையப் பாத்துக்கிட ஆள் கேக்காக."

"ஏன் தாயீ, சின்னப் பிள்ளை."

"படிப்பு ஏறலன்னா என்ன செய்ய? அவுக அப்பாவும் சரின்னுட்டாக. நீங்களும் எவ்வளவோ பாடுபட்டுட்டீக."

அவள் நன்றியோடுதான் அதைச் சொன்னாள். பூலோகம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார். துடைத்து முடித்த பிறகும் துண்டை எடுக்கவில்லை. இசக்கி அவர் எதிரில் வாசித்த மராத்திப் பாடங்கள் நினைவுக்கு வந்தன. ஒரு எழுத்துக்கூடத் தடுமாறாத பெண். இதில் ஏதோ ஒன்று தனக்குப் பிடிபடவில்லை என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. வானமாமலை சார் கேட்டதை இத்தனை மாதம் விழுங்கிவைத்திருப்பதும் நெஞ்சை அறுத்தது.

"கோமதி, அனுப்புததா நிப்பாட்டுததா, அதை நீ பெறவு முடிவு பண்ணு. அதுக்கு முந்தி ஒருக்கா நீயே வந்து டீச்சரைப் பாரு. தாய்மாரு வரணும்னு சாரு சொல்லுதாக."

"நானா? எனக்கு என்ன தெரியும் அங்க வந்து பேச?"

"ஒம் பிள்ளையைத் தெரியும்ல."

"மத்த வீட்டுல சொல்லிக்கிடுவேன், மாடி வீட்டு மாமி சனிக்கிழமை சாயந்தரம் விடமாட்டாகளே."

"அதை நான் கேக்குதேன்."

மறுநாளே மாதுங்காவுக்கு நடந்தார். மாமியின் வீடு மூன்றாவது மாடி. மேலே ஏறாமல் கீழே நின்றே கூப்பிட்டார். மாமி பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

"யாரு நீங்க? கோமதியோட ஆத்துக்காரரா?"

"இல்லம்மா. எங்க ஊரு."

"ஊருன்னா? அண்ணாவா?"

"அப்படித்தான் வச்சுக்கிடுங்க."

"வச்சுக்கறதாவது. இருக்கேளா இல்லையா?"

பெண்ணின் பள்ளிக்கூட விஷயம் என்று மட்டும் விளக்கினார். மாமி யோசித்தாள். "பள்ளிக்கூடத்துக்குன்னா போகட்டும். என் பையன் ஸ்கூல்லயும் இப்படித்தான், நான் போய் நின்னாதான் வாத்தியாருக்குப் பயம். காலம்பற வரச்சேயே சாயங்காலப் பாத்திரத்துக்கும் வழி பண்ணச் சொல்லுங்கோ" என்றுவிட்டு உள்ளே போனாள்.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை. கோமதியம்மாள் நல்ல சேலை உடுத்தி, இசக்கியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பூலோகம் நாலு எட்டு முன்னால் நடந்தார். பள்ளிக்குள் போனதும் பழக்கமாகத் தன் பெஞ்சில் உட்கார்ந்தார். ஆனால் ஷரீஃபுன்னிசா டீச்சர், "அம்மா வந்திருக்காங்களா? அவங்களோட தனியாப் பேசுறேன்" என்று தாயையும் பெண்ணையும் கோடி வகுப்பறைக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். பூலோகம் எழுந்து பின்னாலேயே போய், வாசலுக்கு வெளியே வராந்தாவில் நின்றார். உள்ளே வாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அறைக்குள் பேச்சு அவருக்குத் தெளிவாகக் கேட்டது.

"மத்தியானமெல்லாம் ஒழுங்கா இருக்கா. கடைசி பீரியட் வந்தா ஒண்ணும் செய்யறதில்ல. ஜடம் மாதிரி உக்காந்திருக்கா."

"வீட்டுலயும் அப்படித்தான் டீச்சர். பகல்ல பம்பரமாத் திரிவா. வெளக்கு வைக்கிற நேரம் வந்தா ஒரு வேலை ஓடாது. தண்ணி எடுக்கச் சொன்னா கொடத்தைப் போட்டு ஒடைப்பா. தம்பி கையை மிதிச்சுட்டா. செவத்தைத் தடவிக்கிட்டே போயி ஒரு மூலையில உக்காந்துருவா. நானும் அடிச்சுப் பாத்துட்டேன்."

உள்ளே டீச்சர் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"சுவரைத் தடவிக்கிட்டா?"

"ஆமா டீச்சர். பேய்ப் பயம்னு எங்க மாமியார் மந்திரிச்சுக் கயிறு போட்டாக."

"இசக்கி, அந்த மேசை மேல டஸ்டர் இருக்கு பாரு. எடுத்துட்டு வா."

பூலோகம் தலையை நீட்டிப் பார்த்தார். அறை மங்கலாக இருந்தது. ஆனால் மேசையும் அதன் மேல் டஸ்டரும் வராந்தாவில் நின்ற அவருக்கே தெரிந்தன. இசக்கி இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தாள். பெஞ்சில் இடித்துக்கொண்டாள். மேசையைத் தொட்டதும் அதன் மேல் உள்ளங்கையால் துழாவினாள். டஸ்டர் அவள் கைக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் கை வேறு பக்கம் போயிற்று.

"மாலைக்கண்" என்றார் டீச்சர். பிறகு தனக்குத்தானே பேசுகிற மாதிரி, "ஒன்றரை வருஷமா பிடிவாதம்னு நினைச்சிட்டேன்" என்றார்.

கோமதியம்மாள் பெண்ணை இழுத்து அணைத்துக்கொண்டு, "ஏட்டி, கண்ணு தெரியலன்னு சொல்ல மாட்டியா?" என்று கேட்டாள்.

"எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும்னு நெனைச்சேன்" என்றாள் இசக்கி.

வராந்தாவில் பூலோகம் சுவரில் கைவைத்து நின்றார். கடைசி பீரியட் என்று டீச்சர் சொன்னது அவருக்குத் தெரியும். விளக்கு வைக்கிற நேரம் என்று கோமதி சொன்னதை அவரிடம் யாரும் சொன்னதில்லை. அவர் கேட்டதும் இல்லை. அவர் அந்தப் பெண்ணைப் பார்த்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக் காலை வெயிலில். டீச்சரும் தாயும் கால் மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்ததில் விஷயம் வெளியே வந்துவிட்டது. அந்தக் கால் மணி நேரத்தை அவர்தான் இத்தனை நாள் நடுவில் நின்று தடுத்திருக்கிறார்.

திரும்பி வரும்போது கோமதியம்மாள் பெண்ணின் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள். சந்து முனையில் நின்று கேட்டாள்.

"டீச்சர் போன வருசத்துலருந்து ஒங்ககிட்ட சொல்லிக்கிட்டே இருந்தாகளாமே அண்ணாச்சி. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

"ஒம் மனசு கஷ்டப்படும்னு நெனைச்சேன் தாயீ. பிள்ளைக்கு அடி விழுமேன்னு."

"அடி விழத்தான செஞ்சுது. கண்ணு தெரியாத பிள்ளையைத்தான நான் அடிச்சுக்கிட்டிருந்தேன்."

கோபமாகக் கூட அவள் சொல்லவில்லை. சொல்லிவிட்டு நடந்துவிட்டாள். பூலோகம் அங்கேயே நின்றார். சட்டையின் சலவை மடிப்பு அப்படியே இருந்தது. அன்று அவர் எந்த வாசலுக்கும் சேதி சொல்லப் போகவில்லை.

சயான் ஆஸ்பத்திரியில் மீன் எண்ணெய் கொடுத்தார்கள். கீரையும் ஈரலும் கொடுக்கச் சொன்னார்கள். இந்தத் தடவை ஊர் சார்பாக யாரும் போகவில்லை. கோமதியம்மாளே வரிசையில் நின்றாள். பொங்கல் வந்தது. இசக்கி பள்ளிக்கூடத்தில்தான் இருந்தாள். கொஞ்ச நாளில் சாயங்காலம் குழாயடியில் வாளியோடு அவளைப் பார்க்க முடிந்தது. பூலோகத்தைக் கண்டால் பழைய மாதிரியே "மாமா" என்று சிரிப்பாள். அவள் அம்மாவும் பழைய மாதிரியே "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிட்டாள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் சந்தில் பேச்சு மாறிவிட்டது. "நேர்ல போனாத்தான் தெரியுது" என்று கோமதியம்மாள் குழாயடியில் சொன்னாள். ஒருத்தி கேட்டு ஒருத்தி கிளம்பினாள். ஒருத்தியின் வீட்டு வேலையை இன்னொருத்தி முறைவைத்துச் செய்தாள். ஜனவரிக் கூட்டத்துக்குப் பூதத்தானின் அம்மா போனாள். பிப்ரவரியில் அவன் அப்பாவே, கை முறித்த அதே மனிதர், அரைநாள் விடுப்புப் போட்டுக்கொண்டு போய், ஒரு வார்த்தையும் பேசாமல் கடைசிவரை நின்றுவிட்டு வந்தார். அதற்குப் பிறகு பையன் ஒருநாளும் ரயில் பாதைப் பக்கம் போகவில்லை என்று சொல்லிக்கொண்டார்கள். பூலோகம் பிப்ரவரி வரை போனார். அந்தக் கூட்டத்தில் அவர் பெஞ்சில் குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கப் போனவளை, "இரு தாயீ" என்று கைகாட்டிவிட்டுப் பின்னால் போய் நின்றார். வானமாமலை சார் அவரைப் பார்த்து, "பெரியவரே, நான் சொன்னதைச் செஞ்சிட்டீங்க. உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்" என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சார் மனசாரச் சொன்னார். பூலோகம் கும்பிட்டார். ஜூலையிலும் ஆகஸ்டிலும் தான் சொன்ன சாக்கு அவருக்கு நினைவுக்கு வந்தது. மார்ச்சில் போகவில்லை.

ஏப்ரலில் ரிசல்ட் வந்தது. அந்தச் சந்தில் பெயிலான பிள்ளை ஒன்றே ஒன்று. அதுவும் டைபாய்டு வந்து படுத்த பிள்ளை. முந்தின வருஷங்களில் அப்படி இருந்ததில்லை. சேதியைச் சொல்லிக்கொண்டு வாசல் வாசலாகப் போனவர்கள் பிள்ளைகளே. பூலோகம் கதவைத் திறந்தபோது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

1965 ஜூன் கடைசிச் சனிக்கிழமை. மழை விட்டு விட்டுப் பெய்தது. தூக்கத்திலிருந்த பூலோகத்தின் கதவைத் தட்டினார்கள். பழக்க தோஷத்தில் சட்டைக்குக் கை போனது. வாசலில் நாலைந்து பெண்கள் நல்ல சேலையில் நின்றிருந்தார்கள்.

"அண்ணாச்சி, நாங்க எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போறோம். சந்துல ஆம்பள ஆளு யாருமில்ல. நீங்க வீட்டுலதான இருப்பீக, கொஞ்சம் பாத்துக்கிடுங்க."

"நாலு மணிக்குத் தண்ணி வரும். வாசல்ல கொடத்தை வச்சிருக்கோம்" என்றாள் இன்னொருத்தி.

"அண்ணாச்சியைப் போயித் தண்ணி பிடிக்கச் சொல்லுதா பாரு" என்று கோமதியம்மாள் அவளை அதட்டினாள்.

"பரவால்ல, பிடிச்சு வைக்கேன். போயிட்டு வாங்க."

சாவிகள் ஒன்றன்பின் ஒன்றாக அவர் கைக்கு வந்தன. பெண்கள் குடைகளுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு, முன்னால் யார் போவது என்று சண்டை போட்டுக்கொண்டு போனார்கள். அவர்கள் சத்தம் தெரு முனை தாண்டும்வரை கேட்டது. பிறகு மழைச் சத்தம் மட்டும்.

நாலு மணிக்குத் தண்ணீர் வந்தது. குடம் குடமாகப் பிடித்து, ஒவ்வொரு கோலியாகத் திறந்து உள்ளே வைத்தார். இத்தனை வருஷம் வாசலில் நின்று சேதி சொன்ன வீடுகள். உள்ளே அவர் வந்ததில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு மூலையில் கோணி விரித்துப் புத்தகங்களை அடுக்கியிருந்தார்கள். கோமதியம்மாள் வீட்டில் லாந்தர் சிம்னி பளபளவென்று துடைத்திருந்தது. தண்ணீரைச் சிந்தாமல் வைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு வந்தார்.

இருட்டுகிற நேரத்தில் எல்லாரும் திரும்பினார்கள். ஒருவர் பேச்சை ஒருவர் கேட்காமல் பேசிக்கொண்டு வந்தார்கள். சாவியை வாங்கிக்கொண்டு ஆளுக்கு அரை வாக்கியம் சொன்னார்கள்.

"இவ பரவால்லியாம் அண்ணாச்சி."

"இங்கிலீசுக்குப் புது டீச்சராம்."

"கண்ணு இப்ப நல்லாத் தெரியுது, டீச்சரே சொன்னாக" என்றாள் கோமதியம்மாள்.

பூதத்தானின் அம்மா கடைசியாக வந்தாள். பூலோகம் சாவியை உடனே கொடுக்காமல் கேட்டார்.

"அவன் ஏழாவது வந்துட்டான்ல. கணக்குல எப்படி இருக்கானாம்? என்ன சொன்னாக?"

"அதை நாங்க பாத்துக்கிடுதோம் அண்ணாச்சி" என்றாள் அவள், பிரியமாக. "நீங்க எத்தனை வருசம் எங்களுக்காகத் தூக்கத்தைக் கெடுத்தீக. இனிமே நல்லாத் தூங்குங்க."

அவர் சாவியைக் கொடுத்தார். அவள் போய்க் கதவைத் திறந்தாள். சந்தில் ஒவ்வொரு கோலியிலும் விளக்கு ஏறியது. பிள்ளைகள் சத்தம் போட்டுப் படிக்கத் தொடங்கினார்கள். ஷிப்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. பூலோகம் உள்ளே போய்ப் பாயில் படுத்தார். தூக்கம் வரவில்லை. அடுத்த சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு பிள்ளை மராத்திப் பாடத்தைத் தப்பாக வாசித்துக்கொண்டிருந்தது. அவர் எழுந்து உட்கார்ந்தார். அந்த வீட்டுத் தாய், தானும் எழுத்துக் கூட்டிக்கொண்டே, "திரும்ப வாசி" என்றாள். பிள்ளை திரும்ப வாசித்தது. பூலோகம் படுத்துக்கொண்டார்.